சாய்கோட்டுக்கு வலப்பக்கம்

மும்பைப் பொறியியல் கல்லூரிகளில் சிக்னல் பிராசஸிங் லேப் எடுத்தவர்களுக்கு அந்தச் சாய்கோடு நினைவிருக்கும். செய்முறைப் பட்டியலின் தலைப்பில் ‘மேட்லேப் / சைலேப்’ என்று போட்டிருக்கும். கோட்டுக்கு இடப்பக்கம் இருப்பதை வாங்கக் காசு வேண்டும். வலப்பக்கம் இருப்பது இலவசம். செம்பூரில் நான் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்த கல்லூரியில் மேட்லேப் லைசென்ஸ் முன்வரிசைக் கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் இருந்தது. பின்வரிசைப் பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள். அடுத்தவன் எடுத்த பிரிண்ட் அவுட்டை ஜர்னலில் ஒட்டிக் கையெழுத்துக்கு நீட்டுவார்கள். நான் வலப்பக்கம் வந்தது அந்தக் காரணத்துக்காகத்தான். சுதந்திர மென்பொருள், கொள்கை என்றெல்லாம் பேச வாய் வந்தது பிற்பாடு.

சைலேப் என்பது எண்களோடும் அணிகளோடும் மல்லுக்கட்டுகிறவர்களுக்கான மொழி. ஃபோர்ட்ரானில் ஒரு பக்கம் எழுத வேண்டியதை ஒரு வரியில் முடிக்கலாம். 1970களின் கடைசியில் நியூ மெக்ஸிகோ பல்கலைக்கழகத்தில் கிளீவ் மோலர், தன் மாணவர்கள் ஃபோர்ட்ரானில் அவதிப்பட வேண்டாம் என்று மேட்லேபை எழுதினார். அதன் அடியில் இருந்தவை லின்பேக், ஐஸ்பேக் என்ற இரண்டு கணக்கு நூலகங்கள். அமெரிக்க அரசுப் பணத்தில் எழுதப்பட்டு, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கப்பட்டவை. 1984ல் மேத்வொர்க்ஸ் கம்பெனி தொடங்கியதும் மேட்லேப் விற்பனைச் சரக்கானது. மோலரின் பழைய ஃபோர்ட்ரான் மேட்லேபைப் பார்த்து பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் ‘பிளேஸ்’ என்று ஒன்று தொடங்கினார்கள். அது ‘பாசில்’ ஆகி, 1994ல் சைலேப் என்ற பெயரில் இலவசமாக வெளியானது. இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான்.

மூலம் ஒன்றாக இருந்ததுதான் வகுப்பறையில் தொல்லை. மேட்லேபில் % போட்டால் அதற்குப் பின் வருவது வெறும் குறிப்பு, இயந்திரம் அதைப் படிக்காது. சைலேபில் அதே % மாறிலிகளுக்கு முன்னால் வர வேண்டிய அடையாளம். பை மதிப்பு வேண்டுமானாலும் முடிவிலி வேண்டுமானாலும் அதைப் போட்டே ஆக வேண்டும். குறிப்பு எழுத // வேண்டும். வரிசையின் கடைசி உறுப்பைக் கேட்க அங்கே ‘எண்ட்’, இங்கே $. மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய மேட்லேப் புத்தகத்தைப் பாதி விலைக்கு வாங்கி வந்து, அதைப் பார்த்து சைலேபில் டைப் அடிக்கும் பையனுக்கு முதல் அரை மணி நேரம் பிழைச் செய்தியாகவே கொட்டும். “சார், இது ஓடாது சார்” என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவான். அதே நடைபாதையில் சைலேப் புத்தகம் கேட்டால் கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார்.

சின்ன மொழி ஒன்றின் நிலைமை இதுதான். மொழி இருக்கும்; அதைச் சுற்றி எதுவும் இருக்காது. மாதிரிக் கணக்கு இருக்காது, பக்கத்துச் சீட்டில் தெரிந்தவர் இருக்கமாட்டார், பிழைச் செய்திக்கு விளக்கம் சொல்ல ஆள் இருக்காது. மேட்லேபில் டூல்பாக்ஸ் ஒவ்வொன்றுக்கும் தனி விலை வைத்து விற்கிறார்கள் என்றால், விற்கிற அளவுக்கு அதில் உழைப்பு இருக்கிறது என்றுதான் அர்த்தம். இலவச மொழிக்கு அந்த உழைப்பை யார் போடுவது?

போட ஏற்பாடு செய்தது பவாய். அங்கிருக்கும் ஐ.ஐ.டி. பம்பாயில் கெமிக்கல் எஞ்சினியரிங் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா முன்னின்று நடத்திய ஃபாஸி திட்டம், 2009ல் மத்திய அரசு தொடங்கிய தேசியக் கல்வித் தொழில்நுட்ப இயக்கத்தின் நிதியில் நடந்தது. கல்லூரிகளை விலைகொடுத்து வாங்கும் மென்பொருளிலிருந்து திறந்த மென்பொருளுக்கு மாற்றுவதுதான் நோக்கம். பைத்தான், ஓப்பன்மாடலிகா, மின்சுற்று வரையும் ஈசிம் என்று பலதும் அதில் உண்டு. எனக்கு வேண்டியிருந்தது சைலேப். செம்பூரில் ஹார்பர் லைனைப் பிடித்து, குர்லாவில் மாறி, காஞ்சூர்மார்க்கில் இறங்கி ஆட்டோ பிடித்தால் கேட்டுக்குப் போய்விடலாம். ஜூலை மழையில் குர்லாவோடு பயணம் முடிந்துவிடுவதும் உண்டு.

அங்கே போட்ட திட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ‘டெக்ஸ்ட்புக் கம்பேனியன்’. யோசனை எளிது. பாடத்திட்டத்தில் இருக்கும் ஒரு புத்தகத்தை மாணவர் எடுத்துக்கொள்ள வேண்டும். அதிலுள்ள தீர்த்துக் காட்டிய கணக்குகள் அத்தனைக்கும் சைலேப் நிரல் எழுத வேண்டும். சரிபார்த்து ஏற்றுக்கொண்டால் மதிப்பூதியமும் சான்றிதழும் உண்டு. நிரல்கள் எல்லாருக்கும் திறந்து வைக்கப்படும். புத்தகத்தின் வாசகத்தைத் தொடமாட்டார்கள், அது பதிப்பாளரின் உரிமை. கணக்கு எண்ணும் நிரலும் மட்டும் இருக்கும். கையில் புத்தகம் இல்லாதவனுக்கு அதனால் பயனில்லை. புத்தகம் இருப்பவனுக்கோ ஒரு மொழியே கூடக் கிடைக்கிறது. இப்படி நூற்றுக்கணக்கான புத்தகங்களுக்கு நிரல் சேர்ந்தது. எழுதியவர்களில் பெரும்பாலோர் பெரிய ஊர் ஐ.ஐ.டி. பிள்ளைகள் அல்லர், எங்கள் கல்லூரி போன்ற இடங்களில் படித்தவர்கள்.

என்னிடம் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தவள் தாராவி தொண்ணூறு அடி ரோட்டுப் பெண். திருநெல்வேலிக் குடும்பம். வீட்டில் உட்கார்ந்து எழுத இடமில்லை என்று கல்லூரி லேப் பூட்டும் வரை இருப்பாள். ஒருநாள் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள்.

“சார், புக்குலயே தப்பா இருக்கு சார்.”

“நல்லாப் பாத்தியாம்மா?”

“திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்துட்டேன் சார். டேம்பிங் ரேஷியோ எனக்கு 0.59 வருது. அவர் 0.95 போட்டிருக்காரு.”

இரண்டு பேரும் காகிதத்தில் போட்டுப் பார்த்தோம். அவள் சொன்னதுதான் சரி. அதற்கு அத்தாட்சி அதே பக்கத்தில் அடுத்த வரியிலேயே இருந்தது. உச்ச மீறல் பத்து சதவிகிதம் என்று புத்தகம் சொல்லியிருந்தது. ரேஷியோ 0.59 என்றால் பத்து சதவிகிதம் வரும். 0.95 என்றால் மீறலே இல்லை என்று சொல்லுமளவுக்குக் குறைந்துவிடும். ஆசிரியர் சரியாகத்தான் போட்டிருக்கிறார், அச்சில் இலக்கம் இடம் மாறிவிட்டது. பதிப்புக்குப் பதிப்பு அது அப்படியே வந்துகொண்டிருந்தது. கணக்கைப் போட்டுப் பார்க்காமல் விடையை மட்டும் மனப்பாடம் செய்த மாணவர்கள் எத்தனை பேரோ!

அதை நிரலில் எழுதிவை என்றேன். அவளுக்குக் கை வரவில்லை. புத்தகம் தப்பு என்று எழுதினால் தன்னுடையதை ஏற்றுக்கொள்ளமாட்டார்கள் என்று பயந்தாள். ஏற்கெனவே வெளியாகியிருந்த கம்பேனியன்களைத் திறந்து காட்டினேன். // போட்டு, ‘புத்தகத்தில் உள்ள விடை தவறு’ என்று எழுதிய வரிகள் எத்தனையோ அவற்றில் இருக்கின்றன. ‘இடையில் எண்ணைச் சுருக்கியதால் விடை சற்று மாறும்’ என்ற வரி அதைவிட அதிகம். கால்குலேட்டரில் ஒவ்வொரு படியிலும் இரண்டு தசமத்தோடு நிறுத்திக்கொண்டு போன ஆசிரியருக்கும், பதினைந்து இலக்கம் வரை தூக்கிக்கொண்டு போகும் இயந்திரத்துக்கும் கடைசி இலக்கத்தில் ஒத்துப்போகாது. எது அச்சுப் பிழை, எது சுருக்கியதால் வந்த வித்தியாசம், எது தன் நிரலின் கோளாறு என்று மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த மாணவியை எந்தத் தேர்வும் எனக்கு உருவாக்கித் தந்ததில்லை.

அந்தக் கம்பேனியன்களில் எண்ணிடும் முறை ஒன்று உண்டு. தீர்த்த கணக்குக்கு ‘எக்ஸா’, சமன்பாட்டுக்கு ‘ஈக்யூஎன்’, பாடப்பகுதிக்கு ‘செக்’ என்று முன்னொட்டு போடுவார்கள். நான்காவதாக ‘ஏபி’ என்று ஒன்று வரும். அப்பெண்டிக்ஸ். ஒரு கணக்குக்குத் துணையாக எழுதிய சார்பு அதில் இருக்கும். பலரும் அந்த இடத்தைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. எனக்கென்னவோ மொத்தத் திட்டத்தின் உயிரும் அங்கேதான் இருப்பதாகப் பட்டது.

சர்க்குலர் கன்வல்யூஷன் என்று ஒரு கணக்கு. டிஜிட்டல் சிக்னல் பிராசஸிங் புத்தகம் எதுவானாலும் அது வராமல் இருக்காது. ஒவ்வொரு புத்தகத்தையும் எடுத்த மாணவர் அதற்குத் தன் கையால் ஒரு சார்பு எழுதியிருப்பார். ஒருவர் எண்களைக் கிடைவரிசையாகக் கேட்பார். இன்னொருவருடையதில் நெடுவரிசையாகக் கொடுத்தால்தான் ஓடும். ஒருவர் நீளம் சமமில்லாவிட்டால் சுழியம் நிரப்பிக்கொள்வார், இன்னொருவர் அப்படியே விழுந்துவிடுவார். புத்தகங்கள் வரிசையை 0லிருந்து எண்ணும். சைலேப் 1லிருந்து எண்ணும். அந்த ஒன்றை எங்கே கூட்டுவது, எங்கே கழிப்பது என்பதில் ஆளுக்கொரு வழக்கம். எல்லாம் சரியான விடை தருபவைதான், ஆனால் ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைக்க முடியாது.

ஓரிடத்தில் நிரல் குவிந்துவிட்டால் அதை நூலகம் என்று சொல்லிவிட முடியாது என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான். யாராவது ஒருவர் உட்கார்ந்து இந்த ஏபிகளையெல்லாம் படிக்க வேண்டும். திரும்பத் திரும்ப வருவதை வெட்டியெடுத்து ஒன்றாக்கி, பெயர் வைத்து, உள்ளீடுகள் எந்த வரிசையில் வரும் என்று முடிவு செய்து, உதவிப் பக்கம் எழுத வேண்டும். அதற்குப் பிறகு ‘ஓடவில்லை’ என்று கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லியாக வேண்டும். தாராவியில் சீட்டுப் பிடிக்கும் அக்காமாரைக் கேட்டால் சொல்வார்கள், காசு போட இருபது பேர் சுலபமாகக் கிடைப்பார்கள், நோட்டு எழுத ஒருத்தி கிடைப்பதுதான் பாடு என்று. நிரல் விஷயத்திலும் பாடு அதுதான்.

நாங்கள் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் பாடம் நடத்தும் சில பேர், சில மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு சனிக்கிழமைகளில் அந்த வேலையைச் சின்ன அளவில் செய்து பார்த்தோம். எங்கள் லேப் பட்டியலில் இருக்கும் செய்முறைகளுக்கு வேண்டிய சார்புகள் மட்டும். சைலேபோடு ‘டூல்பாக்ஸ் ஸ்கெலிட்டன்’ என்று ஒரு வெற்றுக் கூடு வரும். ‘மேக்ரோஸ்’ என்ற ஃபோல்டரில் சைலேபில் எழுதிய சார்புகள், ‘சோர்ஸ்’ என்பதில் சி மொழி, ‘ஹெல்ப்’பில் உதவிப் பக்கங்கள், ‘டெஸ்ட்ஸ்’ஸில் சோதனைகள். மேலே ‘பில்டர்’ என்று ஒரு கோப்பு. அதை ஓட்டினால் எல்லாவற்றையும் கட்டிக் கொடுக்கும். கூட்டை நிரப்பினால் டூல்பாக்ஸ் தயார் என்று எழுதியிருப்பார்கள். நிரப்பிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

முதலில் நிரம்புவது ‘மேக்ரோஸ்’. அதை எழுத எல்லாருக்கும் ஆசை. கடைசி வரை காலியாகக் கிடப்பவை ‘ஹெல்ப்’பும் ‘டெஸ்ட்ஸ்’ஸும். உதவிப் பக்கத்தை எக்ஸ்எம்எல்லில் எழுத வேண்டும், அதில் ஒரு டேக் மூடாமல் விட்டால் மொத்தமும் கட்டாது. சோதனை எழுதுவதிலோ வேறு சங்கடம். விடை சமமா என்று நேரடியாகக் கேட்டால் தசமத்தின் பதினாறாவது இலக்கத்தில் இடறி, சமமில்லை என்று சொல்லிவிடும். ‘கிட்டத்தட்டச் சமமா’ என்று கேட்கத் தனிச் சார்பு இருக்கிறது. கிட்டத்தட்ட என்றால் எவ்வளவு? அந்த அளவை நிர்ணயிக்கக் கணக்கு தெரிந்த ஆள் வேண்டும், நிரல் மட்டும் தெரிந்தால் போதாது. அதனால் எங்கள் குழுவில் ஒரு வழக்கம் வைத்தோம். புதிதாக வருகிறவர் முதலில் சார்பு எழுதக்கூடாது. வேறொருவர் எழுதியதற்கு உதவிப் பக்கமும் சோதனையும் எழுத வேண்டும். அதிலேயே பாதிப் பேர் கழன்றுகொண்டார்கள். நின்றவர்களை நம்பி வேலையைக் கொடுக்க முடிந்தது.

உள்ளீட்டு வரிசைக்காக நடந்த சண்டையை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. வடிகட்டியின் தொகுதி முதலில் வருமா, பகுதி முதலில் வருமா என்று ஒரு சாயங்காலம் முழுக்க வாக்குவாதம். மேட்லேபில் இருப்பது போலவே வைத்துவிடலாம், பிள்ளைகள் புத்தகத்தைப் பார்த்து அடிக்கலாம் என்றது ஒரு கட்சி. சைலேபுக்கென்று ஒரு நடை இருக்கிறது, அதைக் கெடுக்காதீர்கள் என்றது இன்னொரு கட்சி. நான் முதல் கட்சி. இப்போதும் அதே கட்சிதான். சின்ன மொழிக்கு வருகிறவர் வேறு எங்கிருந்தோதான் வருகிறார். வாசலிலேயே அவர் காலை இடறிவிடுவதில் என்ன பெருமை?

பவாயில் இதே வேலை பெரிய அளவில் நடந்தது. ஃபாஸியின் ஆப்டிமைசேஷன் டூல்பாக்ஸ் அதற்கு நல்ல உதாரணம். குறைந்த செலவு, அதிக விளைச்சல் என்று உகந்த மதிப்பு தேடும் கணக்குகளுக்கான கருவிகளைப் புதிதாக எழுதாமல், கோயின்-ஓஆர் என்ற திறந்த மூலத் தொகுப்பில் ஏற்கெனவே இருந்தவற்றை சைலேபோடு இணைத்தார்கள். 2000ல் ஐபிஎம் தொடங்கி வைத்த முயற்சி அது. நேர்கோட்டுக் கணக்குக்கு சிஎல்பி, முழு எண் கட்டுப்பாடு இருந்தால் சிபிசி, வளைந்த கணக்குக்கு ஐப்ஆப்ட் என்று உலகம் முழுக்கப் பயன்படும் இயந்திரங்கள். அவர்கள் வேலை நடுவில் ‘கேட்வே’ எழுதுவது. அந்தப் பக்கம் சி++ பேசும் ஐப்ஆப்ட். இந்தப் பக்கம் சைலேபில் தன் கணக்கை எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கும் மாணவன். ஒவ்வொரு சுற்றிலும் ஐப்ஆப்ட் திரும்பி வந்து, ‘இந்தப் புள்ளியில் மதிப்பு என்ன?’ என்று சைலேபிடம் கேட்கும். சைலேப் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே ஒரு வரிக் கட்டளை. உள்ளே நூறு முறை போக்குவரத்து. மாணவன் எழுதிய சார்பில் ஒரு தப்பு இருந்தால் அது சி++ பக்கத்தில் போய் வெடிக்காமல், அவனுக்குப் புரிகிற வாசகமாகத் திரும்பி வர வேண்டும். கேட்வேயில் கணிசமான வரிகள் கணக்குக்கு இல்லை, இந்தப் பிழைச் செய்திகளுக்குத்தான். இத்தனையும் விண்டோஸுக்குத் தனியாக, லினக்ஸுக்குத் தனியாகக் கட்ட வேண்டும்.

பட வேலைக்கான டூல்பாக்ஸின் கதையும் இப்படித்தான். சீனாவின் ஷிச்சி யூ எழுதத் தொடங்கிய எஸ்ஐவிபி, மலேசியாவின் டான் சின் லூ வளர்த்த ஐபிசிவி, பவாயில் மாணவர்கள் கட்டியது என்று எல்லாமே ஓப்பன்சிவியின் மேல் நின்றவை. உலகம் முழுக்க ஒரு கைப்பிடி ஆட்கள். ஒருவர் வேலை மாறிப் போனால் ஒரு டூல்பாக்ஸே ஊமையாகிவிடும்.

ஊமையாகிப் போன காலம் ஒன்றும் வந்தது. 2017 பிப்ரவரியில் சைலேப் 6 வெளியானது. அதற்கு முன்பு நினைவகத்துக்கு ‘ஸ்டாக்’ என்று ஓர் அளவு வைத்திருந்தார்கள். பெரிய அணி வந்தால் நாமே அதைப் பெருக்கிக் கொடுக்க வேண்டும். 6ல் அந்தத் தொல்லை ஒழிந்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் பழைய ஸ்டாக்கை நேராகத் தொட்டு எழுதிய கேட்வேக்களை மாற்றி எழுதியாக வேண்டியிருந்தது. சைலேபுக்குள்ளிருந்தே டூல்பாக்ஸ்களை இறக்கித் தரும் ‘ஆட்டம்ஸ்’ என்ற ஏற்பாட்டில், 5க்கு இருந்தவற்றில் பல 6க்கு வந்து சேரவேயில்லை. எழுதியவர் முனைவர் பட்டம் முடித்துப் போயிருப்பார், அல்லது வங்கியில் வேலைக்குச் சேர்ந்திருப்பார். எங்கள் சனிக்கிழமைச் சரக்கில் முக்கால்வாசி தப்பித்தது, சி மொழியைத் தொடாமல் சைலேபிலேயே எழுதியிருந்ததால். சோதனைகள் இருந்ததால் எது உடைந்தது என்று ஒரே ஓட்டத்தில் தெரிந்துவிட்டது. டெஸ்ட் எழுதச் சொன்னதற்கு முனகிய பையன்தான் அன்றைக்கு முதலில் அதை ஓட்டிப் பார்த்தான்.

மதிப்பூதியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பணம் கொடுத்து எழுதவைத்ததால்தான் அத்தனை புத்தகங்களுக்கு நிரல் வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. செம்பூரிலும் தாராவியிலும் ஒரு மாணவருக்கு அந்தப் பணம் பரீட்சைக் கட்டணம். அதைக் கொச்சையாகப் பேசுகிறவர்கள் பரீட்சைக் கட்டணத்துக்குக் கவலைப்பட்டிராதவர்கள். ஆனால் சான்றிதழ் கைக்கு வந்த மறுநாள் அந்த நிரலுக்குச் சொந்தக்காரர் யார்? எழுதிக் கொடுப்பதற்குப் பணம் ஒதுக்க அரசுத் திட்டங்களுக்குத் தெரியும். ஐந்து வருஷம் கழித்து அதைத் தூசு தட்டி வைப்பதற்கு எந்தத் தலைப்பில் ஒதுக்குவது என்று யாருக்கும் தெரியாது. இது ஒரு திட்டத்தின் குறையல்ல, உலகம் முழுக்கத் திறந்த மென்பொருளுக்கு இருக்கும் வியாதி.

ஆள் சேர்க்கும் விஷயத்தில் இன்னொரு கை கொடுத்தது ‘ஸ்போக்கன் டுடோரியல்’. அதுவும் பவாயில் மௌத்கல்யாவின் முயற்சிதான். திரையில் நடப்பதைச் சின்னப் பாடமாகப் பதிவு செய்து, குரலை மட்டும் தமிழ், மராத்தி, இந்தி என்று மாற்றுவார்கள். திரையில் ஆங்கிலம் அப்படியே இருக்கும், ஏனென்றால் வேலைக்குப் போகும் இடத்தில் இருக்கப்போவதும் அதுதான். எழுதிய பாடத்தை முதலில் அந்த விஷயமே தெரியாத ஒருவரிடம் கொடுத்து, அதை மட்டும் வைத்துச் செய்ய முடிகிறதா என்று பார்ப்பார்கள். விஷயம் தெரிந்தவர் பார்ப்பது அதற்குப் பிறகு. இந்த வரிசையை எங்கள் உதவிப் பக்கங்களுக்கும் எடுத்துக்கொண்டோம். தமிழ் வழியில் மாநகராட்சிப் பள்ளியில் படித்துவிட்டு டிப்ளமோ சேர்ந்த தாராவிப் பையன்கள் அந்தத் தமிழ்ப் பாடங்களை இயர்போனில் போட்டுக்கொண்டு லேபில் உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். வகுப்பில் கை தூக்காதவர்கள் அவர்கள். இயர்போனைக் கழற்றிவிட்டு, “சார், இதுல அவங்க சொல்றது பழைய வெர்ஷன் சார்” என்று திருத்தம் சொன்னார்கள்.

பைத்தான் வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டதே என்று கேட்பீர்கள். போய்விட்டதுதான். பவாயிலேயே பைத்தானுக்குத் தனிப் பிரிவு ஆரம்பத்திலிருந்து இருந்தது. மயாவி என்ற முப்பரிமாண வரைகலை நூலகத்தை எழுதிய ஏரோஸ்பேஸ் பேராசிரியர் பிரபு ராமச்சந்திரன் அங்கேதான் இருக்கிறார். இந்தியாவின் முதல் சைபை (அறிவியல் பைத்தான்) மாநாடு 2009லேயே திருவனந்தபுரத்தில் நடந்துவிட்டது. இன்றைக்கு என்னிடம் மெஷின் லேர்னிங் கேட்டு வரும் மாணவனை சைலேபுக்கு அனுப்பமாட்டேன். அனுப்பினால் அது அவனுக்குச் செய்யும் துரோகம். கன்ட்ரோல் சிஸ்டம்ஸும் கெமிக்கல் பிராசஸும் படிக்கிறவனுக்கு, படம் வரைந்து சிமுலேட் செய்யும் எக்ஸ்காஸோடு வரும் சைலேப் இப்போதும் கைக்கு அடக்கமான கருவி.

ஆனால் பெரிய மொழியில் கிடைக்காத ஒன்று சின்ன மொழியில் கிடைத்தது. பைத்தானின் எண்கணக்கு நூலகமான நம்பையில் ஒரு பிழை கண்டுபிடித்தால் நமக்கு முன்பே ஆயிரம் பேர் கண்டுபிடித்திருப்பார்கள். சைலேபில் நாம் கண்டுபிடித்த பிழை நம்முடையதுதான். சரி செய்தவர் யார், எந்த ஊர் என்று தெரியும். இரண்டாம் வருஷ மாணவி எழுதிய உதவிப் பக்கத்தை அடுத்த வாரமே வேறொரு கல்லூரிக்காரர் படித்துவிட்டுச் சந்தேகம் கேட்பார். அந்தப் பதற்றமும் பெருமையும் அவள் பைத்தானுக்குப் போனபோது கூடவே போயிற்று. தொண்ணூறு அடி ரோட்டுப் பெண் இப்போது ஐரோலியில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். சைலேபைத் தொட்டே வருஷங்கள் ஆகியிருக்கும். அவளுக்குக் கீழே சேருகிற புதுப் பிள்ளைகளுக்கு முதல் வாரம் கொடுக்கும் வேலை, பழைய நிரலுக்குச் சோதனை எழுதுவதுதானாம்.

லேப் ஜர்னலில் கையெழுத்துப் போடும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். செய்முறைப் பட்டியலில் பத்து இருந்தால், ஒன்றை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள்: ஏதாவது ஒரு திறந்த நூலகத்தில் உதவிப் பக்கத்தின் உதாரணம் ஒன்றை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓடவில்லையானால் திருத்தி, எழுதியவருக்கு அனுப்ப வேண்டும். ஓடினால், அதற்கு ஒரு சோதனை எழுதி அனுப்ப வேண்டும். சைலேபாக இருந்தாலும் சரி, பைத்தானாக இருந்தாலும் சரி. பிரிண்ட் அவுட் ஒட்டிவிட்டுத் தப்பிக்க முடியாத செய்முறை அது ஒன்றுதான். மதிப்பெண்ணைத் தாராளமாகவே போடுங்கள்.